மூணாவது தடவையில் பாஸான டாக்டர்

அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, முதலில் நீங்கள் படியுங்கள்! மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்த தெலுங்குக்காரர். தேறியதோ நம்ம திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட ஆசை. தாயார் விடவில்லை. (மயிலாப்பூர் மடத்து வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான்.)

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகள் சொன்னாரென்று ஆபரேஷன் வகுப்புக்குக் கதர் அங்கியில் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு? எம்.பி.பி.எஸ். கைநழுவி, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். மட்டும் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் இல்லை. ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக் கொடுத்தார். பிறகு கப்பலேறி பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை, பகலில் ஹார்வர்டு.

நமக்கு முக்கியமானது 1925. ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஒரு வழி கண்டார். அமிலத்தில் மாலிப்டேட் சேர்த்து ஒடுக்கினால் நீலம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். அவ்வளவுதான் சங்கதி! அந்த முறை இன்றும் லேபில் இருக்கிறது.

1940-ல் லெடர்லி கம்பெனிக்குப் போனார். ஃபோலிக் அமிலம், யானைக்கால் மாத்திரை எல்லாம் அவருடைய குழுவின் வேலை. அங்கேதான் டக்கர் என்ற முதியவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைப் பிரித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. 1948-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதே ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே போய்விட்டார். ஊருக்குத் திரும்பவே இல்லை. மனைவி அவரை மறுபடி பார்க்கவும் இல்லை.

அந்தக் குடும்பத்து மருந்தை மாட்டுக்குப் போட்டால் மிச்சம் பாலில் வரும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் கிருமிக்கு மருந்து பழகிப்போகும். கண்டுபிடிக்கும் பெரிய கருவிகள் லட்சக்கணக்கில் விலை. ஆனால் டெட்ராசைக்ளின் கரி மின்முனையில் எலக்ட்ரானை இழக்கும், சின்ன மின்னோட்டம் வரும். மருந்து கூடினால் அதுவும் கூடும். கரிக்கு எங்கே போவது? தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்தால் நடுவில் கறுப்புக் குச்சி இருக்கிறதே, அதேதான்! கழுவி, எமரி தாளில் தேய்த்தால் மின்முனை ரெடி. ஒரு சிக்கல்: பாலின் புரதம் கரிமேல் படிந்து அளவைக் கெடுக்கும். முதலில் அதைப் பிரித்தாக வேண்டும். இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஆள் தேடுகிறவர்கள் என்னை வந்து பாருங்கள். பழைய பேட்டரி ஒரு பை நிறைய வைத்திருக்கிறேன்.