விபுலானந்த அடிகளாரும் வாலிபர் மனக்கலக்கமும்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாட்களில் எமது துறைமுகப் பட்டினத்து வாலிபர் இருவர் சந்தித்தால் முதலில் எழும் வினா, இனி என்ன என்பதே. கொழும்புக்குப் போவதா, கடல் கடப்பதா, பெற்றோரைப் பிரியாது ஊரிலேயே தொழில் தேடுவதா? இன்று ஆசையும் நாளை அச்சமுமாக எம்மிற் பலர் காலங்கழிக்கின்றோம். பெரியோர் சிலர் இதனை மனவுறுதியின்மை எனக் கடிந்துகொள்வர். அவர்களும் நாமும் ஒருங்கே போற்றும் விபுலானந்த அடிகளாரின் வாலிபப் பருவத்தை நோக்கினால், அவரும் ஒரே நேர்வழியிற் சென்றவராகத் தோன்றவில்லை.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகவாய்ப் பிறந்தவர் மயில்வாகனன். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. பதினாறு வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறி, பின்னர் ஆசிரியரானார்.

ஒருபுறம் விஞ்ஞானம் அவரை இழுத்தது. மறுபுறம் தமிழ் இழுத்தது. ஒன்றைத் தெரிந்து மற்றதைக் கைவிடும்வரை அவர் வாளாவிருக்கவில்லை. 1916இலே கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். அக்காலத்திலேயே இராமகிருஷ்ண மிஷன் தொடர்பு உண்டாயிற்று. எனினும் உடனே துறவு பூண்டாரல்லர். 1920இல் இலண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்; மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபருமானார். ஊரார் பார்வையில் அவர் வாழ்க்கை நிலைபெற்றுவிட்டது. முப்பது வயதில், 1922இல், அப்பதவியைத் துறந்து மயிலாப்பூர் மடம் சேர்ந்தார். 1924இல் சுவாமி விபுலானந்தர் ஆனார்.

துறவும் அவரை ஓரிடத்தில் இருத்தவில்லை. இலங்கை மீண்டு மிஷன் பாடசாலைகளை நடத்தினார். எமது திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் அதிபராயிருந்தார். 1929இலே கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1939இல் இமயத்து மாயாவதியிற் பத்திரிகை ஆசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர்.

இவற்றினூடே ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அவர் தேடியது, வழக்கொழிந்துபோன பண்டைத் தமிழரின் யாழை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் நுட்பங்களை விளக்கப் புலமை மட்டும் போதாது. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். மூன்றில் இரு பங்காக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். இத்தகைய அலகுகளைக் கணித்துக் காட்டப் பண்டிதருக்குக் கணிதமும் பௌதிகமும் வேண்டியிருந்தன. 1916இலே இரு வேறு திசைகளில் இழுத்த கல்விகள் இரண்டும் அந்நரம்பின்மீது ஒன்றுகூடின. வாலிபத்தில் அவரை அறிந்த எவர்தாம் இதனை எதிர்பார்த்திருப்பர்?

1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. அவர் ஆய்வின்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கே மீட்டப்பட்டன. சில வாரங்கள் கழித்து, ஜூலை 19ஆந் திகதி, கொழும்பில் அடிகளார் மறைந்தார். கல்லடி உப்போடையிலே, பிள்ளைகளின் ஆரவாரம் கேட்கும் அப்பாடசாலை வளவிலேயே அவர் சமாதி அமைந்திருக்கிறது.