செயற்கைச் சிறுநீரகம் தந்த கோல்ஃப்

நம் விலாவின் பின்புறத்தில் அவரை விதை வடிவில் அமைந்த இரண்டு சிறுநீரகங்களும் இரவு பகல் ஓயாமல் குருதியைத் தூய்மை செய்கின்றன. அவை வேலையை நிறுத்தினால் யூரியா முதலிய கழிவுகள் தேங்கும். சில நாட்களில் உயிர் போகும். கண்ணாடி விரியன் தீண்டி இவ்வாறு மாண்டவர்களின் கதை நம் ஊர்ப்பக்கங்களில் புதிதன்று. ஆனால் ஒரு வியப்பு உண்டு. திடீரெனச் செயலிழந்த சிறுநீரகம் பல வேளைகளில் சில வாரங்களில் தானே தேறிவிடும். அதுவரை நோயாளியை உயிரோடு வைத்திருக்க வழி வேண்டும், அவ்வளவே. அவ்வழியைக் கண்ட வில்லெம் கோல்ஃப் என்பாரின் வரலாற்றை நம் சங்க நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கோல்ஃப் 1911 பிப்ரவரி 14 அன்று ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் பிறந்தார். தந்தை காசநோய் மருத்துவமனை ஒன்றின் தலைவர். மகனுக்கோ மருத்துவத்தில் நாட்டமில்லை. மனிதர் சாவதைப் பார்த்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை. இருந்தும் மருத்துவமே பயின்றார். 1938-இல் குரோனிங்கன் மருத்துவமனையில் 22 வயது உழவர் மகன் ஒருவன் சிறுநீரகம் பழுதுற்று அவர் கண்முன் இறந்தான். பெற்ற தாயிடம், செய்வதற்கொன்றும் இல்லை என்று சொல்ல வேண்டிய கடமை அவருக்கு வாய்த்தது. நாளொன்றுக்கு 20 கிராம் யூரியாவை வெளியேற்ற முடிந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்ற எண்ணம் அவரை விடவில்லை.

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் புரதக் கரைசலிலிருந்து உப்பை நீக்க நாங்கள் என்ன செய்கிறோம்? கரைசலை மெல்லிய சவ்வுப் பையிலிட்டு நீரில் மிதக்க விடுகிறோம். நுண்துளைகளின் வழியே உப்பு வெளியேறும். பெரிய மூலக்கூறாகிய புரதம் தங்கிவிடும். கோல்ஃபின் சோதனையும் இதுவே. இறைச்சி அடைத்து விற்கப் பயன்படும் செலோபேன் குழாயில் குருதியும் யூரியாவும் இட்டு உப்பு நீரில் ஆட்டினார். யூரியா வெளியேறிவிட்டது!

1940 மே மாதம் ஜெர்மானியப் படை ஹாலந்தில் நுழைந்தது. அவருடைய பேராசிரியர் போலாக் டானியல்ஸ் யூதர். மனைவியோடு உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்விடத்துக்கு நாஜி ஒருவர் வந்தார். அவரின்கீழ்ப் பணிபுரிய மனமின்றி, 1941-இல் காம்பன் என்னும் சிற்றூர் மருத்துவமனைக்குக் கோல்ஃப் சென்றார். அங்கே எனாமல் பாத்திரத் தொழிற்சாலை நடத்திய பெர்க் என்பார் கைகொடுத்தார். சுழலும் உருளையில் செலோபேன் குழாயைச் சுற்றி, உருளையின் கீழ்ப்பகுதி உப்பு நீர்த் தொட்டியில் அமிழும்படி அமைத்தனர். குழாயில் குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் உதவியது.

1943 மார்ச்சில் முதல் நோயாளி, 29 வயதுப் பெண். மீண்டும் மீண்டும் குருதியைத் தூய்மை செய்தார். அவள் நிலை தேறவும் செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு குருதிக்குழாய் பயனற்றுப் போயிற்று. குத்துவதற்குக் குழாய் இல்லாத நாள் வந்தது; அவள் இறந்தாள். அடுத்தடுத்து 15 பேருக்குக் குறையாமல் சிகிச்சை அளித்தார். இயந்திரத்தால் பிழைத்தார் என்று உறுதியாகச் சொல்ல அவர்களில் ஒருவரும் இல்லை!

சாவைக் காண அஞ்சிய பிள்ளை இத்தனை சாவுகளுக்குப் பிறகும் ஏன் நிற்கவில்லை? வந்தவர்கள் அனைவரும் வேறு வழியற்றவர்கள். ஒவ்வொரு தோல்வியும் ஒரு குறையைக் காட்டிற்று. 1944-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் தோல்விகளை மறைக்கவுமில்லை.

1945 செப்டம்பர் 11. போர் முடிந்துவிட்டது. நினைவிழந்த 67 வயது மூதாட்டி ஒருவரைக் கொண்டுவந்தனர். திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு. நாஜிகளுக்கு ஆதரவாக இருந்ததற்காகச் சிறை வைக்கப்பட்டவர் அவர். கோல்ஃபோ நாஜிகளிடமிருந்து மக்களை ஒளித்துக் காத்தவர். ஆயினும் மருத்துவர் குருதியின் யூரியாவைத்தான் அளந்தார், கட்சியை அளக்கவில்லை. பல மணி நேரம் உருளை சுழன்றது. மூதாட்டி கண் விழித்தார்! சிறுநீரகமும் தேறியது, மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

கோல்ஃப் காப்புரிமை தேடிச் செல்வம் குவிக்கவில்லை. போர்க்காலத்தில் செய்த இயந்திரங்களை இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, போலந்து நாட்டு மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பினார். 1950-இல் அமெரிக்கா சென்று கிளீவ்லண்டில் பணியேற்றார். 1956-இல் எளிய இரட்டைச் சுருள் கருவி வெளிவந்தது. முதல் நோயாளியைப் பலிகொண்ட குழாய்ச் சிக்கலைச் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் 1960-இல் தீர்த்தார். நாள்பட்ட நோயாளிகளுக்கும் வாழ்வு கிட்டிற்று. 1967 முதல் யூட்டா பல்கலைக்கழகத்தில் கோல்ஃப் செயற்கை இதய ஆராய்ச்சியை நடத்தினார். 2009 பிப்ரவரி 11 அன்று, 97-ஆம் வயதில் மறைந்தார்.

இன்று வேலூரிலும், நாம் பயிலும் இந்த ஐதராபாத்தின் மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் பிரிவுகள் அன்றாடம் இயங்குகின்றன. சோதனை மூன்று முறை பொய்த்தால், வேறு தலைப்புத் தாருங்கள் என்று பேராசிரியர் அறைக்கு ஓடுகிறோம் நாம். நண்பர்களே! அடுத்த முறை ஓடுமுன், காம்பன் ஊரில் சுழன்ற அந்த உருளையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.