எட்டுப் பவுண்டு வீடு

ஜான் வீட்லி 1869இல் அயர்லாந்தில் பிறந்தார். பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்த அவருடைய குடும்பம், குடிநீர்க் குழாயோ கழிவுநீர் வடிகாலோ இல்லாத ஓரறை வீட்டில் நெருக்கியடித்து வாழ்ந்தது. இளமையிலேயே அவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியானார்.

பின்னாளில் கிளாஸ்கோ நகர மன்ற உறுப்பினரான வீட்லி, வாடகைச் சுமையால் வருந்திய தொழிலாளருக்காக 1913இல் திட்டமொன்றை வெளியிட்டார். நகராட்சி டிராம் வண்டிகள் ஈட்டும் உபரிப் பணத்தில் வீடுகள் கட்டலாம். ஆண்டு வாடகை 8 பவுண்டு போதும் என்பதே அது. எத்துணை எளிய கணக்கு! ஆயினும் அது நிறைவேறவில்லை.

1924இல் அவர் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். நகராட்சிகள் வாடகைக்குக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும், ஆண்டுக்கு 9 பவுண்டு வீதம் 40 ஆண்டுகள் அரசு மானியம் வழங்கச் சட்டம் இயற்றினார். சில மாதங்களில் ஆட்சி வீழ்ந்தது. சட்டம் நீடித்தது, அதன்வழி 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.