காலதர் அறிந்த கட்டடக் கலைஞர்

சாளரத்துக்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்களுள் காலதர் என்பது ஒன்று. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். ஒளியை நினையாது காற்றை நினைந்து பெயரிட்ட மக்கள், வெப்பம் மிக்க நாட்டில் வாழ்ந்தவர் என்பது அப்பெயராலேயே விளங்கும். இக்காலத்து மாநகரங்களின் நடுவே எழும் கண்ணாடி அலுவலக மாடங்களை நோக்குமிடத்து, இச்சொல்லின் பொருள் நம்மை விட்டு அகன்றுவிட்டதோ என எண்ண வேண்டியுள்ளது. அடி முதல் முடி வரை கண்ணாடி. ஆயினும் திறப்பதற்கு ஒரு சாளரமேனும் இல்லை. இவ்வெண்ணம் எழும்போதெல்லாம் யான் நினைவுகூரும் பெயர், கண்டி மாநகர் ஈன்ற மினெற் டி சில்வா அம்மையாரின் பெயராகும்.

அம்மையார் 1918ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் கண்டியில் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா புகழ்பெற்ற வழக்கறிஞர். இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவராகவும் பின்னர் அமைச்சராகவும் விளங்கியவர். தாயார் அக்னஸ் நெல் பறங்கியர் குலத்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி உழைத்தவர். 1931இல் அவ்வுரிமை இந்நாட்டுப் பெண்களுக்குக் கிட்டியபோது மினெற்றுக்கு வயது 13. உரிமைக்காக வாதிடுவோர் நாள்தோறும் வந்துபோகும் இல்லத்தில் வளர்ந்த மகள், பெண்கள் புகாத ஒரு தொழிலைத் தேர்ந்தமை வியப்பன்று.

அக்காலத்தில் இலங்கையில் கட்டடக் கலை பயிலக் கல்லூரி இல்லை. ஆதலின் அவர் பம்பாய் சென்று சேர் ஜே. ஜே. கலைப் பள்ளியிற் பயின்றார். காந்தியடிகளின் விடுதலை வேண்டி மாணவர் நடாத்திய ஊர்வலத்திற் கலந்துகொண்டமைக்காக அப்பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். அதனால் அவர் தளர்ந்தாரல்லர். பெங்களூரில் ஒற்றோ கோனிக்ஸ்பேர்கர் என்னும் ஜெர்மானியக் கட்டடக் கலைஞரிடம் பணியில் அமர்ந்து, ஜம்ஷெட்பூர் நகரத் திட்டத்தில் உழைத்தார். 1946இல் முல்க் ராஜ் ஆனந்த் முதலியோருடன் கூடி மார்க் என்னும் கலை ஏட்டைத் தோற்றுவித்தோருள் அவரும் அவர்தம் தமக்கை அனிலும் அடங்குவர். பின்னர் லண்டனிற் கல்வியை நிறைவுசெய்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்மணிகளுள் அத்தகுதியை முதன்முதலிற் பெற்றவர் அவரே.

இங்கிலாந்தில் 1947இல் பிரிட்ஜ்வோற்றர் நகரிற் கூடிய நவீன கட்டடக் கலைஞர் மாநாட்டில் அம்மையார் லே கொர்புசியேயைச் சந்தித்தார். அன்று தொடங்கிய நட்பு மடல்கள் வாயிலாக நெடுங்காலம் நீடித்தது. புதிய கட்டடக் கலைக்கு வழிகாட்டிய அப்பேராசான், கண்ணாடியால் ஒரு பாடம் கற்றவர். 1933இல் பாரிசில் ஏழைகளுக்கென அவர் எழுப்பிய புகலிடத்துக்குத் திறவாக் கண்ணாடிச் சுவர் அமைத்தார். கோடை வந்ததும் உள்ளிருந்தோர் புழுங்கிப் போயினர். பிற்காலத்தில் அச்சுவருக்கு வெயில்மறைப்புகள் பொருத்த நேர்ந்தது. காரணம் எளிது. கதிரவன் ஒளி கண்ணாடியை ஊடுருவிச் சென்று உள்ளிருக்கும் பொருள்களைச் சுடுவிக்கும். சுடுபட்ட பொருள்கள் உமிழும் வெப்பக் கதிரையோ கண்ணாடி வெளியே விடாது. காற்றுக்கும் வழியில்லையெனின் அவ்வறை உலைக்களமாம். பாரிசிலேயே இவ்வாறெனின், நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டிற் சொல்ல வேண்டுமோ?

ஆயினும் உலகம் அப்பாடத்தை ஏற்றிலது. 1952இல் நியூயோர்க்கில் லீவர் இல்லம் என்னும் 24 மாடி அலுவலகம் திறவாச் சாளரங்களும் கண்ணாடித் திரைச்சுவரும் கொண்டு எழுந்தது. உள்வெப்பத்தைத் தணிக்கும் பொறுப்பைக் குளிரூட்டும் இயந்திரம் ஏற்றது. அன்று முதல் அவ்வடிவமே முன்னேற்றத்தின் அடையாளமென நாடெங்கும் போற்றப்படலாயிற்று.

அதே ஆண்டுகளிற் கண்டியில் அம்மையார் வேறொரு வழி கண்டார். 1949இல் தாயகம் திரும்பிய அவர், பெற்றோர்தம் இல்லமாகிய சென் ஜோர்ஜசிலேயே தம் தொழிலகத்தை நிறுவினார். அவர் அமைத்த முதல் மனை, 1951இல் கண்டி மலைச்சரிவில் நிறைவெய்திய கருணாரத்ன இல்லம். கொங்கிறீற்றுத் தூண்களையும் கண்ணாடியையும் அவர் வெறுத்தாரல்லர். இவை யாவும் அவர் கையாண்ட பொருள்களே. ஆயின் அவற்றோடு தும்பறை நெசவாளர் பாய் நெய்து கதவுகளில் இழைத்தனர். அரக்கு வேலைக் கைவினைஞர் படிக்கட்டின் கைப்பிடிக் கால்களுக்கு வண்ணம் ஏற்றினர். குயவர் உருவம் பதித்த சுடுமண் ஓடுகளைச் சுட்டு அளித்தனர். கண்டி ஓவியர் ஜோர்ஜ் கீற் சுவரோவியம் தீட்டினார். அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்களை அவர் அரும்பொருட்காட்சிச்சாலைக்கு அனுப்பவில்லை. மக்கள் வாழும் வீட்டுக்குள் அழைத்து வந்தார்.

அம்மையார் தம் நெறியை வட்டாரத்துக்கேற்ற நவீன கட்டடக் கலை எனக் குறித்தார். நவீனம் என்பது மேனாட்டைப் படியெடுத்தலன்று, நம் வெயிலையும் மழையையும் வழக்கையும் அறிந்து புதுமை செய்தலே என்பது அதன் கருத்து. சிங்களவர் மிதுல எனவும் நாம் முற்றம் எனவும் கூறும் திறந்த நடுவிடத்தை அவர் மனையின் உயிர்நிலையாகக் கொண்டார். முற்றத்திற் சூடேறிய காற்று மேலெழும். அவ்விடத்தை நிரப்பத் தண்காற்று நிழல்படிந்த அறைகளினூடே வரும். இதற்கு இயந்திரம் வேண்டாம்; மின்சாரமும் வேண்டாம். பத்துப்பாட்டுள் நெடுநல்வாடையை மாணாக்கருக்குக் கற்பிக்குங்கால், கதிரவனின் நிழல் கொண்டு திசையறிந்த பின்னரே அரண்மனைக்கு நூலிட்ட செய்தியை யான் விளக்குவதுண்டு. ஞாயிற்றை அறியாது மனை வகுத்தல் ஆகாதென்னும் அம்முறைமை கண்டியில் மீண்டும் தழைத்தது அம்மையார் கையிலென அவர்க்கு எடுத்துரைப்பேன்.

செல்வர் இல்லங்களோடு அவர் பணி நின்றுவிடவில்லை. 1958இல் மகாவலி கங்கையின் அருகே வட்டபுளுவவில், அரசாங்க ஊழியருக்காக 200க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பை வகுத்தார். பல இனத்தவரும் சமயத்தவரும் குடிபுகவிருந்தனர். எல்லார்க்கும் ஒரே அச்சில் வீடு வார்த்தளிப்பது எளிது. அவரோ குடும்பங்களுக்கு வினாக்கொத்து அனுப்பி, அவர்தம் வழக்கத்தையும் தேவையையும் கேட்டறிந்த பின்னரே வீட்டு வகைகளை அமைத்தார். குடியிருப்போன் குரலும் கட்டடக் கலையின் ஒரு கூறு என அன்றே கண்டமை பெரிதும் போற்றத்தக்கது.

இத்துணைச் சிறப்பினரை நாடு நடாத்திய விதம் வருந்தத்தக்கது. பெண்ணென்னும் ஒரே காரணத்தால் தம் ஆக்கங்கள் உரியவாறு மதிக்கப்படவில்லை என்னும் துயர் அவர்க்கு இறுதிவரை இருந்தது. அவருக்குப் பின்னர் இத்துறை புகுந்து 1957இல் தகுதிபெற்ற ஜெப்ரி பாவா உலகப் புகழ் எய்தினார். அப்புகழ் அவருக்கு உரியதே. ஆயினும் அவ்வழியில் முன்சென்றவரை மறத்தல் முறையன்று. அம்மையார் 1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக் கலை வரலாறு கற்பித்து, மீண்டும் கண்டிக்கே வந்தார். கண்டியக் கலைச் சங்கத்தின் நூற்றாண்டு நினைவாகத் தலதா மாளிகைக்கு அண்மையில் ஒரு பண்பாட்டு நிலையத்தை 1984இல் நிறைவேற்றினார். ஓட்டுக் கூரைகளும் படிப்படியான தளங்களும் திறந்த முற்றமும் கொண்டது அது. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் 1996இல் அவர்க்குப் பொற்பதக்கம் சூட்டியபோது அகவை 78. 1998 நவம்பர் 24ஆம் நாள், வறுமையும் தனிமையும் சூழக் கண்டியிற் காலமானார். அவர்தம் சென் ஜோர்ஜஸ் இல்லம் சிதைந்தது. அவர் ஆக்கிய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன, சில உருமாறின.

அவர் மறைவுக்கு ஓராண்டு முன்னர், 1997 ஒக்டோபரில், கொழும்புக் கோட்டையில் 40 மாடி இரட்டைக் கோபுரமாகிய உலக வர்த்தக மையம் திறக்கப்பட்டது. அதன்பின் தலைநகரிற் கண்ணாடி மாடங்கள் பெருகின. கண்டியிலும் அந்நாகரிகத்தின் சாயல் படிந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்ததை நாம் மறந்திலோம். இயந்திரம் நின்றவிடத்துத் திறவாச் சாளரத்தின் பின்னிருப்போர் நிலை யாது? முற்றமுள்ள பழைய வீட்டில் இருந்தோர்க்கு விளக்குத்தான் இல்லை, காற்று இருந்தது.

உயர்ந்த மாடங்கள் வேண்டாவென்பது என் கருத்தன்று. நிலம் அரிதாகிய நகரில் மேலெழுதல் இன்றியமையாததாகலாம். எழும் மாடம் எந்நாட்டு வெயிலில் நிற்கின்றது என்பதை வகுப்போர் மறத்தலாகாது என்பதே வேண்டுகோள். 1988 முதல் உலக மரபுரிமை நகராகப் போற்றப்படும் கண்டிக்கு மாணாக்கரை அழைத்துவரும் ஆசிரியர்கள், தலதா மாளிகையோடு அமைந்துவிடாது, அம்மையார் ஆக்கியவற்றுள் எஞ்சி நிற்பனவற்றையும் காட்டுவாராக. ஓர் அறையுள் நின்று, காற்று எங்கிருந்து வருகின்றது, எவ்வழியே செல்கின்றது என்று கேட்கும்படி அவர்களைப் பணிப்பாராக. அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவன் நாளை எத்துணை மாடி உயர்த்தினும், அதில் ஒரு காலதர் வைக்க மறவான்.