மூங்கில் தும்பி

தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில், காப்பித் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற நாடு. அந்நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் 1873ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் ஆல்பர்ட்டோ சாந்தோஸ் துமோன் பிறந்தார். அவருடைய தந்தை பொறியாளர். பின்னர்ப் பெருந்தோட்ட உரிமையாளர் ஆனவர். காப்பிக் கொட்டைகளைக் கொண்டு செல்வதற்கென்று தோட்டத்திற்குள்ளேயே இருப்புப்பாதை அமைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு வயதிலேயே ஆல்பர்ட்டோ அப்பாதையில் நீராவி வண்டியை ஓட்டினார். ஓய்வு நேரங்களில் ஜூல்ஸ் வெர்னின் கதைகளைப் படித்தார். அக்கதைகளில் மனிதர்கள் வானில் பறந்தார்கள்.

தந்தை விபத்தொன்றில் சிக்கி உடல் முடங்கினார். அவர் தோட்டத்தை விற்று, மகனுக்குரிய பங்கை முன்னதாகவே கொடுத்து, பாரிசுக்குச் சென்று அறிவியல் கற்குமாறு பணித்தார். சிறிது காலத்தில் அவர் மறைந்தார். அயல்நாட்டில் தனித்து வாழ்ந்த இளைஞர் இயற்பியலும் இயந்திரவியலும் பயின்றார், பலூன்களில் பறந்தார். நீண்ட பலூனில் பெட்ரோல் பொறியைப் பொருத்தி, விரும்பிய திசையில் செலுத்தவும் கற்றார். 1901ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் அத்தகைய வான்கப்பலில் ஐஃபில் கோபுரத்தைச் சுற்றி வந்து பெரும்பரிசு வென்றார். பரிசுப் பணத்தைப் பாரிஸ் நகர ஏழைகளுக்கும் தம் பணியாளர்களுக்கும் பகிர்ந்தளித்தார்.

அடுத்து, காற்றைவிட எடை மிகுந்த ஊர்தியைப் பறக்கச் செய்ய முனைந்தார். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டிலேயே பறந்திருந்தனர். ஆனால் அதனை நேரில் கண்டவர் வெகு சிலரே. 1906ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் சாந்தோஸ் துமோன் பாரிஸ் மக்கள் கூடி நிற்க 220 மீட்டர் தொலைவு பறந்தார். அவ்வூர்தியின் இறக்கைகள் 11 மீட்டருக்கும் மேல் அகன்றவை. காற்றாடிப் பெட்டிகளை வரிசையாக அடுக்கியது போன்ற தோற்றம் உடையவை. ஊரெல்லாம் அவரைக் கொண்டாடியது. ஆயினும் அப்பெரிய ஊர்தி அவருக்கு நிறைவளிக்கவில்லை.

ஒரு மனிதர் பறப்பதற்கு இத்தனை பெரிய ஊர்தி தேவைதானா? தேவையற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே சென்றால் எஞ்சுவது எது? இக்கேள்விகளுக்கு விடையாக 1907ஆம் ஆண்டு நவம்பரில் அவர் புதிய ஊர்தி ஒன்றை உருவாக்கினார். இறக்கைகளின் மொத்த அகலம் ஏறத்தாழ 5 மீட்டர். பொறியோடு சேர்த்தும் அதன் எடை 60 கிலோவைத் தாண்டவில்லை. உடலாக அமைந்தது ஒற்றை மூங்கில் கழி. மூங்கில் உள்ளே கூடாக இருப்பதால் எடை குறைவு. கணுக்கள் இருப்பதால் எளிதில் முறியாது. அவ்வூர்தி ஏறத்தாழ 200 மீட்டர் பறந்தது. ஆனால் ஒரே கழியால் ஆன உடல் போதிய விறைப்பின்றித் துவண்டது.

பிறர் எனில் மூங்கிலைக் கைவிட்டு இரும்பை நாடியிருப்பர். அவரோ மூங்கிலை விடவில்லை; கழிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார். மூன்று நீண்ட கழிகளை முக்கோணமாக நிறுத்தி, குறுக்குச் சட்டங்களாலும் இழுத்துக் கட்டிய கம்பிகளாலும் பிணைத்தார். முக்கோணச் சட்டம் எளிதில் உருக்குலையாது. பாலங்களிலும் கூரைகளிலும் அதனை இன்றும் காணலாம். இறக்கைகளின் மேல் பட்டுத் துணி போர்த்தப்பட்டது. பொறி இறக்கைக்கு மேலேயும் ஓட்டுநர் அதற்குக் கீழேயும் இடம்பெற்றனர். இருக்கை என்பது வெறும் துணிப்பட்டையே. வாலும் ஒன்றே. சிலுவை வடிவிலான அவ்வால் எல்லாப் பக்கமும் அசையும். ஏறவும் இறங்கவும் திரும்பவும் அதுவே உதவியது.

பக்கவாட்டுச் சமநிலைக்கு அவர் கண்ட வழி விந்தையானது. தம் மேற்சட்டையின் முதுகுப்புறத்தோடு ஒரு நெம்புகோலை இணைத்துக்கொண்டார். உடலை ஒருபுறம் சாய்த்தால் கம்பிகள் இழுபட்டு இறக்கைகள் சற்றே முறுகும். சாய்ந்த ஊர்தி நிமிரும். திருப்பத்தில் மிதிவண்டி ஓட்டுபவர் தம்மை அறியாமல் சாய்வதைப் போன்றதே இது.

பிரெஞ்சு மக்கள் அதற்குத் தெமுவசேல் எனப் பெயரிட்டனர். அச்சொல்லுக்கு இளம்பெண் என்பது ஒரு பொருள். தும்பி என்பது மற்றொரு பொருள். 1909ஆம் ஆண்டு செப்டம்பரில் அத்தும்பி சாந்-சீர் என்னும் ஊரிலிருந்து பூக் வரை 8 கிலோமீட்டர் தொலைவை ஏறத்தாழ 5 நிமிடங்களில் கடந்தது. அதில் ஒரு குறையும் உண்டு. ஏறத்தாழ 50 கிலோ எடை உடைய தமக்காக அவர் அளந்து செய்த ஊர்தி அது. பருத்த உடலினரைச் சுமந்து எழ அது திணறியது.

அக்காலத்தில் ரைட் சகோதரர்கள் தங்கள் காப்புரிமைக்காக வழக்காடிக்கொண்டிருந்தனர். சாந்தோஸ் துமோன் தும்பிக்குக் காப்புரிமை பெறவே இல்லை. அதன் வரைபடங்களை விரும்பியவர்களுக்கெல்லாம் வழங்கினார். பாப்புலர் மெக்கானிக்ஸ் என்னும் அமெரிக்க இதழ் 1910ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவற்றை வெளியிட்டது. மூங்கிலும் துணியும் சிறு பொறியும் கைத்திறனும் உடையவர் தம் கொட்டகையிலேயே வானூர்தி செய்யலாம் என்னும் நிலை உருவாயிற்று. பின்னாளில் புகழ்பெற்ற விமானி ரோலான் காரோஸ் பறக்கப் பழகியது தும்பியில்தான்.

அவர் பறந்த காலம் அத்துடன் முடிந்தது. 1910ஆம் ஆண்டு ஜனவரியில் கம்பி அறுந்து தும்பி வீழ்ந்தது. அதே ஆண்டில் நரம்பு நோய்க்கு ஆளாகி, பறப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். முதல் உலகப்போரில் வானூர்திகள் குண்டு வீசியது அவர் மனத்தை வாட்டியது. வானூர்திகளைப் போர்க்கருவியாக்குவதைத் தடை செய்யுமாறு 1926இல் உலக நாடுகள் சங்கத்திடம் வேண்டினார், பயனில்லை. 1932ஆம் ஆண்டு அவருடைய தாய்நாட்டிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கும் வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. அவ்வாண்டு ஜூலை 23ஆம் நாள் குவாருழா என்னும் கடற்கரை ஊரில் அவர் உயிர் நீத்தார்.

தும்பிகளுள் ஒன்று, பாரிசுக்கு அருகில் லெ பூர்ழேயில் உள்ள வானூர்தி அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது.