மரநிழலில் உருவான மன்றம்

விளையாட்டு அணி யாருக்குச் சொந்தம், மைதானம் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விகள் ஐ.பி.எல். வந்த பிறகே எழுந்தவை என்று பலரும் எண்ணுகின்றனர். சென்னையில் அவற்றுக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்பவர், தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்படும் புச்சிபாபு நாயுடு.

1868-இல் பிறந்த அவரது இயற்பெயர் மொத்தவரப்பு வேங்கட மகிபதி நாயுடு. பாரி நிறுவனத்தின் துபாஷியாக இருந்து பொருளீட்டிய குடும்பம் அவருடையது.

1846-இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் அன்று ஐரோப்பியருக்கு மட்டுமே உரியது. 1865 முதல் சேப்பாக்கமே அதன் இருப்பிடம். அங்கு ஆடச் சென்ற இந்தியருக்கு ஆடுகளத்தில் இடமிருந்தது, பெவிலியனுக்குள் இடமில்லை. உணவும் ஓய்வும் மரநிழலில்தான். அவர்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. மைதானம்தான் பிறர் கையில் இருந்தது.

கதவு திறக்கட்டும் என்று புச்சிபாபு காத்திருக்கவில்லை. 1888-இல், இருபதாம் வயதில், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். எஸ்பிளனேடு பகுதியில் அதற்கு ஆடுகளம் அமைந்தது. தமது செல்வத்தைத் தயங்காமல் அதற்குச் செலவிட்டார். இளைஞர்களைத் தேடி ஆடவைத்தார்.

இருபது ஆண்டு உழைப்பின் பயனாக, ஐரோப்பியரும் இந்தியரும் சமநிலையில் மோதும் போட்டிக்கு 1908-இல் ஏற்பாடாயிற்று. அதைக் காணாமலேயே நாற்பதாம் வயதில் அவர் மறைந்தார். ஆயினும், அந்தப் போட்டிகள் மாகாணப் போட்டிகளாக நிலைபெற்றன. அவர் பெயரிலான போட்டித் தொடரும் தோன்றியது. அவருடைய மகன் சி. ராமசாமி டேவிஸ் கோப்பை டென்னிஸிலும், 1936-இல் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

ஒருவரின் பணப்பையை நம்பும் அமைப்பு அவரோடு முடிந்துபோவதே பெரும்பாலும் வழக்கம். புச்சிபாபுவின் பணி அப்படி முடியவில்லை. அவர் உருவாக்கியது தனியுடைமை அன்று, உறுப்பினர்களின் மன்றம்.

2008-இல் ஐ.பி.எல். சென்னை அணியின் உரிமையை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்குப் பெற்றது. முதலிட்டவர் லாபம் கருதுவதில் தவறில்லை. ஆனால், அல்லிநகரத்துச் சிறுவனுக்கு முதல் தேவை, யாரும் வெளியேற்ற முடியாத ஓர் ஆடுகளம். அருகிலுள்ள பெரியகுளத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி, சிற்றூரும் பெரிய விளையாட்டைத் தாங்க முடியும் என்பதற்குச் சான்று. நகராட்சியும் வசதி படைத்தோரும் சேர்ந்து பொதுமைதானங்களைக் காப்பதே புச்சிபாபுவுக்குச் செய்யும் உண்மையான மரியாதை.