விண்ணில் நிலைத்த பெயர்

இரவில் வானத்தை அண்ணாந்து பார்த்தால் நம் கண்ணுக்குத் தெரிபவை சில ஆயிரம் விண்மீன்களே. கண்ணுக்குப் புலப்படாத வானத்தைக் காட்டும் தொலைநோக்கி ஒன்று, தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கி 1999ஆம் ஆண்டு விண்ணுக்குச் சென்றது. அவரே பேரறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர்தம் வாழ்க்கையைச் சற்றே காண்போம்.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. தாயார் சீதாலட்சுமி அம்மையார் இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியவர். சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்.

1930இல் அரசின் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் செல்லக் கப்பலேறினார். அப்போது தாயார் நோயுற்றிருந்தார். ஆயினும் மகனின் பயணத்தை அவர் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார். மகன் அவரை மீண்டும் காணவேயில்லை.

அக்கப்பலில்தான் இளைஞரின் கணக்கு தொடங்கியது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குள்ளன் ஆகிறது. ஆனால் அதன் நிறை, சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால், அது அந்நிலையில் நிற்க இயலாது. மேலும் சுருங்கியே தீரும். 1935 ஜனவரியில் இலண்டன் அரச வானியல் கழகத்தில் இதை எடுத்துரைத்தார். உடனே எழுந்த புகழ்மிக்க அறிஞர் எடிங்டன் அக்கருத்தை எள்ளி நகையாடினார். அவையும் சிரித்தது. அப்போது சந்திரசேகருக்கு வயது 24.

அவர் தம் கணக்கைக் கைவிடவில்லை. 1939இல் அதை ஒரு நூலில் எழுதி வைத்துவிட்டு, வேறு ஆராய்ச்சிகளில் ஈடுபட்டார். தம்மைப் போலவே இயற்பியல் பயின்ற லலிதாவை 1936இல் மணந்து, மறு ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எடிங்டனிடம் இறுதிவரை மதிப்புக் கொண்டிருந்தார். அவருடைய நூற்றாண்டு விழாவில் அவரைப் போற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். காலம் இளைஞரின் கணக்கையே மெய்ப்பித்தது. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1995 ஆகஸ்டு 21ஆம் நாள் மறைந்தார்.

1998இல் நாசா நிறுவனம் தன் புதிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குப் பெயர் சூட்டப் போட்டி வைத்தது. 'சந்திரா' என்னும் பெயரை எழுதி வென்றவர்கள் ஒரு பள்ளி மாணவரும் ஓர் ஆசிரியையும் ஆவர்! 1999 ஜூலையில் அதைச் சுமந்து சென்ற கொலம்பியா விண்கலத்தின் தலைவி ஐலீன் காலின்ஸ். விண்வெளி ஓடமொன்றுக்குத் தலைமையேற்ற முதற் பெண்மணி அவரே.

எக்ஸ் கதிர்களை நம் காற்றுமண்டலம் விழுங்கிவிடுவதால், அத்தொலைநோக்கி விண்வெளிக்கே செல்ல வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் கூடிய கூட்டங்களுக்குள்ளே பல கோடி பாகை வெப்பமுள்ள வாயு பரவியிருக்கிறது. அது எக்ஸ் கதிர்களாலேயே ஒளிர்கிறது. மோதிக்கொண்ட இரு கூட்டங்களைச் சந்திரா நோக்கியபோது, அந்த வாயு பின்தங்கி நின்றது. ஆனால் நிறையின் பெரும்பகுதியோ முன்னே சென்றிருந்ததைப் பிற தொலைநோக்கிகள் காட்டின. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உண்டென்பதற்கு இது வலுவான சான்றென 2006இல் அறிஞர்கள் அறிவித்தனர்.

தோழியரே! நம் விடை சரியாயிருந்தும் பிறர் நகைக்கும் நாள் நமக்கும் வரலாம். அன்று சந்திரசேகரை நினைவோம். கணக்கை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்போம். பின் அமைதியாக நம் பணியைத் தொடர்வோம்.